ஆணியில் தொங்கிய பாஸ்டர்

காலை பத்து மணி இருக்கும். ஹாலிஎலவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு ஒன்றின் சுவரில் நான் செத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தேன்.

படத்துக்குச் செவ்வந்திப்பூ மாலை போட்டிருந்தது. நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்திருந்தது. கீழே பலகையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு பிஸ்கட். படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் போய்விட்டான் என்றுதான் நம் ஊரில் கணக்கு. என் வலது கை என்னைக் கேட்காமலே இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது. ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அவசரமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அது எங்கள் சபையின் வாக்குத்தத்தக் கலண்டர். மேலே அந்த ஆண்டின் வசனம், நடுவில் கோட் போட்ட நானும் சேலை கட்டிய என் மனைவியும், கீழே பன்னிரண்டு மாதங்கள். மாலை என் மனைவியை முழுவதுமாக மறைத்திருந்தது. வசனத்தைவிட என் முகம் பெரிது. அப்படிப் பெரிதாகப் போடும்படி பதுளை அச்சகத்தில் பக்கத்தில் நின்று சொன்னவன் நானேதான்.

"என்னக்கா இது?" என்றேன்.

"ஏன் பாஸ்டர், பூ வாடிருச்சா? காலையிலதான கட்டிப் போட்டேன்" என்றார் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா.

ஐம்பது வயதைத் தொட்டவர். கொழுந்து பறிப்பவர். கணவர் இல்லை. ஒரே மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபைக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்தார். அதற்கு முன் அந்தச் சுவரில் சாமி படங்கள் இருந்தன. 'விக்கிரகம் கூடாது அக்கா' என்று ஒரு மணிநேரம் பேசி அவற்றைக் கழற்றச் செய்தேன். அவரும் மரியாதையாகத் துடைத்து, தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். படத்தைக் கழற்றச் சொன்ன நான் ஆணியைப் பிடுங்கச் சொல்லவில்லை. மூன்றாண்டு கழித்து அதே ஆணியில் நான் தொங்குகிறேன், எதிரே பிஸ்கட்டோடு.

இதை நினைத்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த வீட்டில் பூ வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம் இருந்தது.

நான் அங்கே போனதே நலம் விசாரிக்கத்தான். அக்கா நான்கு நாட்களாகப் பெரட்டுக்கு வரவில்லை என்று சொன்னார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் அந்த வரிசைக்குக் காய்ச்சலோடும் வந்து நிற்கிற ஆள் அவர். இடது காலில் பழைய சேலைத்துணி சுற்றியிருந்தது. "காட்டுங்கக்கா" என்றேன். "ஒண்ணுமில்ல, அட்டை கடிச்ச எடம். சொறிஞ்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவிழ்த்தார். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்திருந்தன. கறுப்பு அங்கேயே நிற்கவில்லை. பாதத்தின் மேல்பக்கம் ஏறத் தொடங்கியிருந்தது.

அக்காவுக்குச் சீனி வியாதி. தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் முந்தின நாளே வந்து பார்த்து, உடனே பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கால் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா போகவில்லை. நான்கு மாதங்களாக அவர் ஒரு மாத்திரையும் போடவில்லை.

போடாததற்குக் காரணம் எதிர்ச்சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் மேல்கணக்குப் பாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டம் இரண்டு கணக்கு, அதாவது இரண்டு பிரிவு. நடுவில் ஒரு ஓடை. கீழ்க்கணக்கில் நான். மேல்கணக்கில் அவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரு காலத்தில் எங்கள் சபையில் கிட்டார் வாசித்தார், என்னை "அண்ணே" என்று கூப்பிட்டார், என் வீட்டில் ரொட்டி சாப்பிட்டார். பிறகு பாட்டு யார் தெரிவு செய்வது என்ற பெரிய ஆவிக்குரிய கேள்வியில் முறைத்துக்கொண்டு, பதினொரு குடும்பங்களோடு ஓடையைத் தாண்டிப் போய்த் தனிச் சபை தொடங்கினார்.

விசுவாசிகள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்ள முடியாது. அதற்காக எங்களுக்கு வேதாகமம் இருந்தது. நான் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு அப்சலோமைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். தகப்பனுக்கு எதிராக எழும்பிய மகன். பேரே சொல்லவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து சவுல் ராஜாவைப் பற்றி நான்கு ஞாயிறு வந்தது. இளையவன்மேல் பொறாமைப்பட்டுப் பைத்தியம் பிடித்த கிழவன். என்னைவிட ஒரு ஞாயிறு கூட. அது எனக்கு உறுத்தியது. இரண்டு சபைக்கும் ஒலிபெருக்கி இருந்ததால், ஓடைக்கு இருபுறமும் இருந்தவர்கள் இரண்டு பிரசங்கத்தையும் ஒரே நேரத்தில் கேட்டுப் பயனடைந்தார்கள். நான் வீடு சந்திப்புக்குப் போனால் ஜெபிப்பதற்கு முன் சுவரைத்தான் பார்ப்பேன். என் கலண்டரா, அவர் கலண்டரா? இரண்டும் இருந்தால் எது கதவுக்கு நேரே?

நான்கு மாதங்களுக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் பேசிக்கொண்டிருக்கும்போது ஓடைக்கு அப்பாலிருந்து ஒரு சாட்சி காற்றில் வந்தது. ஓர் அம்மா மாத்திரைகளை எல்லாம் வீசிவிட்டாராம், பாஸ்டரின் ஜெபத்தால் சீனி இறங்கிவிட்டதாம். அங்கே கைதட்டல். இங்கே என் சபையில் நாற்பது தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. உங்கள் முன்னால் நின்று நீங்கள் பேசும்போது நாற்பது தலை வேறு பக்கம் திரும்புவதை ஒரு முறை அனுபவித்துப் பாருங்கள். என் வாய் தானாகத் திறந்தது.

"அங்க என்ன, ஒருத்தங்க மாத்திரைய வீசினாங்க. இங்க நான் கை வைக்கிற ஒருத்தருக்கும் மாத்திரையே தேவையில்ல. விசுவாசம் உள்ளவங்க கிளினிக் கொப்பியை இங்க கொண்டாந்து வைங்க" என்றேன்.

யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அந்த அக்கா எழுந்து வந்தார். மாதாமாதம் மருந்து எழுதி வாங்கும் கொப்பி, பழுப்பு உறை போட்டு, மடியாமல் பைக்குள் வைத்திருந்தார். பிரசங்க மேசையில் வைத்தார். நான் அதைத் தூக்கிக் கொடியைப் போல் ஆட்டினேன். தகரக்கூரை அதிரக் கைதட்டினார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இன்னொரு விஷயம். அன்று காலை சபைக்குக் கிளம்பும் முன் நான் என் பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வந்தேன். ஏழு ஆண்டுகளாக விழுங்குகிறேன். பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் போட்டு வைத்திருப்பேன். யாராவது பார்த்தால் தொண்டைக்கு என்பேன்.

இப்போது அந்த வீட்டில் நின்றுகொண்டு சொன்னேன்: "அக்கா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் வாறேன் கூட."

அக்கா சிரித்தார். "சோதிக்கிறீங்க, என்ன?"

"சோதிக்கலக்கா."

"ஆபிரகாம ஆண்டவர் சோதிச்ச மாதிரி. எனக்குத் தெரியும் பாஸ்டர். கடைசி நேரத்துல உறுதியா நிக்கிறேனான்னு பாக்குறீங்க. நான் நிப்பேன்."

"நெசமாத்தான் சொல்றேன். விரல் கறுத்துப் போச்சு. ஏறிக்கிட்டு இருக்கு. இன்னைக்கே போகணும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இன்னைக்கு உங்க குரல்ல ஆவியோட அபிஷேகமே இல்லையே. தூங்கலையா?" பிறகு சுவரைக் காட்டினார். "இவரு அப்படிச் சொல்ல மாட்டாரு."

வாழ்க்கையில் பலரிடம் தோற்றிருக்கிறேன். என் சொந்தப் படத்திடம் தோற்றது அன்றுதான். அவர் என்னைவிட இளமையாக இருந்தார், கோட் போட்டிருந்தார், பயப்படாமல் இருந்தார்.

அந்த நிமிடம் நான் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டியிருக்கலாம். எடுக்கவில்லை. கை அந்தப் பை வரைக்கும் போனது. போய், கைக்குட்டையை எடுத்துக்கொண்டு திரும்பியது. அதற்குப் பதிலாகக் கெஞ்சினேன், வசனம் சொன்னேன். ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்றேன். "கூப்பிட்டா வெறும் வண்டியாத்தான் திரும்பிப் போகும்" என்றார். கடைசியில் நான் அழுகிற நிலைக்கு வந்ததைப் பார்த்து, என்னைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு பகிடி விட்டார்.

"சரி பாஸ்டர். நீங்களும் மேக்கணக்குப் பாஸ்டரும் ஒண்ணா வந்து இந்த வாசல்ல நின்னு போகச் சொல்லுங்க. நான் போறேன்."

லயத்துச் சுவர் கூரைவரைக்கும் போவதில்லை. பக்கத்து வீட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பெண் அங்கிருந்தே சொன்னாள்: "அதுக்கு முந்தி இயேசுவோட ரெண்டாம் வருகையே வந்துரும் அக்கா."

இருவரும் சிரித்தார்கள். நான் செருப்பைத் தேடினேன்.

மேல்கணக்குக்குத் தேயிலை மலைக்கூடாகக் குறுக்குப்பாதை இருக்கிறது. அரைமணி நேர ஏற்றம். மூன்று ஆண்டுகளாக அந்தப் பாதையில் நான் கால் வைத்ததில்லை. ஏறும்போதே பேச்சைத் தயார் செய்தேன். முதல் வடிவம்: 'தம்பி, கர்த்தர் என்னை உங்களிடம் அனுப்பினார்.' இதில் நான் தீர்க்கதரிசி. இரண்டாவது: 'தம்பி, பழசை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.' இதில் நான் தியாகி. மூன்றாவதைத் தொடங்குவதற்குள் வடிகால் கானில் வழுக்கி, இடுப்புவரை சேற்றில் உட்கார்ந்தேன். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பாஸ்டர், வழி தப்பிட்டீங்களா? இது மேக்கணக்கு."

"தெரியும்மா."

"தெரிஞ்சா போறீங்க?" என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் வீட்டுக் கதவைத் திறந்த அவருடைய மனைவி, என்னையும் என் காற்சட்டையையும் பார்த்துவிட்டு, "அவரு ஜெபத்துல இருக்காரு" என்றாள். வீட்டுக்குப் பக்கத்தில் நின்ற பழைய வேனுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது. ஜெபத்தில் இருந்தவர் கிரீஸ் கையோடு வெளியே வந்தார். வேனின் பின்கண்ணாடியில் அவர் முகம், கிட்டாரோடு, என் கலண்டரில் இருப்பதைவிடப் பெரிதாக ஒட்டியிருந்தது. அந்த நேரத்திலும் அதை அளந்தேன். பழக்கம்.

"வாங்க பாஸ்டர்" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். கறுத்த விரல், டிஸ்பென்சரிக்காரர், அக்கா வைத்த நிபந்தனை. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"அவங்க உங்க விசுவாசி. நான் வந்து பேசினா, நாளைக்கே நான் உங்க மந்தை ஆட்டத் திருடுறேன்னு சொல்லுவீங்க."

"சொல்லுவேன். வழக்கமா சொல்றதுதான். இன்னைக்குச் சொல்லமாட்டேன்."

"மாத்திரை வேணாம்னு அவங்களுக்குச் சொன்னது யாரு?"

"நான்."

"ஏன் சொன்னீங்க?"

தயார் செய்த மூன்று பேச்சிலும் இந்தக் கேள்வி இல்லை. "நீ சொன்னே. அது எனக்குக் கேட்டிச்சு. அதான்" என்றேன்.

அவர் முகம் மாறியது. கோபம் வரும் என்று நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். துணியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சாட்சி சொன்னது எங்க பெரியம்மா" என்றார். "ரெண்டாவது கிழமையே மயங்கி விழுந்துட்டாங்க. இப்ப மாத்திரை போடுறாங்க."

"சபையில அதச் சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"சொன்னா ஒங்களுக்குக் கேக்குமே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர் மனைவி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். உள்ளே போய் வேன் சாவியைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். "கால் அழுகிக்கிட்டு இருக்குதாம். ரெண்டு பேரும் பொறவு அழுங்க" என்றாள்.

வேன் தார்வீதியைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. முன் சீட்டில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். கடைச் சந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். யாரோ பெரிய ஆள் செத்துவிட்டார் என்று நினைத்திருப்பார். வழியில் எங்கள் சபைக்கு முன் நிறுத்தச் சொல்லி, அலுமாரியிலிருந்து அக்காவின் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டேன். நான்கு மாதங்களாக அதை அங்கே வெற்றிக்கோப்பை மாதிரி வைத்திருந்தேன்.

லயத்து வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்துபோனது. விளையாட்டாகக் கேட்டது நடந்துவிட்டால் வரும் பயம்.

மேல்கணக்குத் தம்பிதான் முதலில் பேசினார். பெரியம்மா விழுந்ததைச் சொன்னார். "நான் அதை மறைச்சிட்டேன் அக்கா. ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார். அக்கா அசையவில்லை. அவருக்கு இது மேல்கணக்கின் தோல்வி. கீழ்க்கணக்கு இன்னும் சுவரில் நிமிர்ந்துதான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில், இந்த நிமிடமே நான் விழுந்து செத்தால் எவ்வளவு வசதி, மாலை வேறு தயாராக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். பிறகு டப்பாவை எடுத்தேன். மூடி திறக்கவில்லை. பலமாக இழுத்துத் திறந்தபோது மாத்திரைகள் தரையில் கொட்டிவிட்டன. குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். பொறுக்கிக்கொண்டேதான் சொன்னேன், ஏனென்றால் குனிந்தபடி இருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"இது பெப்பர்மின்ட் இல்லக்கா. பிரஷர் மாத்திரை. ஏழு வருசமாப் போடுறேன். நீங்க கொப்பியைக் கொண்டாந்து வச்ச அன்னைக்குக் காலையிலயும் போட்டுட்டுத்தான் வந்தேன்."

பக்கத்து வீட்டு ரொட்டி கருகும் வாசம் வந்தது.

"அப்ப அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார் அக்கா. குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் இவருக்குக் கேக்கணும்னு."

அக்கா தன் காலைப் பார்த்தார். "என் கால வச்சிக்கிட்டா நீங்க ரெண்டு பேரும் கயிறிழுத்தீங்க?" என்றார்.

நான் படித்த வேதாகமக் கல்லூரியில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு கட்டளைகள் அவருடையவை. முதலில் மகளுக்கு என் கைப்பேசியில் அழைக்கச் சொன்னார். "எங்கிட்டச் சொன்னத அவகிட்டயும் சொல்லுங்க. ஒரு சொல்லு குறையக்கூடாது." சொன்னேன். மறுமுனையில் தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அந்தப் பெண் முழுவதையும் கேட்டாள். முடிவில், "அம்மாவ ஏத்திட்டீங்களா?" என்றாள். "இப்ப ஏத்துறோம்மா." "ஏத்துங்க. ஒங்ககிட்ட நான் வந்து பேசுறேன்." அந்த 'பேசுறேன்' என் காதில் ஒரு வாரம் இருந்தது.

பிறகு அக்கா சுவரைக் காட்டினார். "அதையும் நீங்களே கழட்டுங்க. நான் கழட்டினா கை வராது."

கழற்றினேன். என்னை நானே இறக்கி வைப்பது சொல்வதற்கு நன்றாக இருக்கும். உண்மையில் மாலை ஆணியில் சிக்கிக்கொண்டது, நூல் அறவில்லை, இரண்டு கையாலும் இழுத்ததில் பூ எல்லாம் என் தலையில் கொட்டியது. ஆணியையும் பிடுங்கட்டுமா என்று கேட்டேன்.

"ஆணி என்ன செஞ்சது ஒங்கள? குடை மாட்ட வேணும்" என்றார்.

பதுளைக்குப் போகும் வளைவுகளில் வேன் ஒவ்வொரு முறை சாயும்போதும் அக்கா பல்லைக் கடித்தார். ஒரு முறைகூட முனகவில்லை. முனகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் கொப்பியைப் புரட்டி, நான்கு மாதம் வெறுமையாக இருந்த பக்கத்தில் நின்றார். "ஏன் வரவில்லை?" என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா எங்களைப் பார்த்தார். தம்பிக்கு என்னைவிடச் சிங்களம் நன்றாக வரும். வழக்கமாக அது எனக்கு எரியும். அன்று அவர்தான் முழுவதையும் சொன்னார். தன்னைப் பற்றியதைச் சொன்னார், என்னைப் பற்றியதையும் சொன்னார், ஒன்றையும் மெழுகவில்லை. டொக்டர் எங்களைத் திட்டவில்லை. விரல்களோடு நிற்கலாம், நிற்காமலும் போகலாம், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தாலும் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே நீண்ட வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். எனக்கு வியர்த்துக் கொட்டியது. மலைநாட்டுக் குளிரில் வியர்க்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"ஜெபம் பண்ணுவோமா?" என்றார் தம்பி.

"பண்ணு."

"நீங்க பண்ணுங்க. மூத்தவரு."

"இல்ல, நீ பண்ணு. எனக்குத் தகுதியில்ல."

"எனக்கு மட்டும் இருக்கா?"

யார் அதிகம் தாழ்மை என்று அங்கேயும் போட்டி தொடங்கிவிட்டது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. வாயை மூடிக்கொண்டோம். அவரவர் உள்ளுக்குள் என்ன சொன்னோம் என்பது அவரவருக்குத்தான் தெரியும். நான் சொன்னது நீளமாக இல்லை. கால் வேண்டும், கால் வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில், அந்தக் கால் போய்விட்டால் சபையில் என் பேர் என்ன ஆகும் என்ற நினைவும் வந்து போனது. அதையும் எழுதிவிடுகிறேன். வந்தது.

மாலை நாலு மணி போல் தாதி வந்து சொன்னார். இரண்டு விரல்கள் போய்விட்டன. பாதம் தப்பியது. இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும். அந்த இரண்டு நாளும் நான் வீட்டில் எதைத் தொட்டாலும் கீழே போட்டேன். மூன்றாம் நாள், கறுப்பு மேலே ஏறவில்லை, கால் நிற்கும் என்றார்கள்.

ஞாயிறு வந்தது. மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, டப்பா, நான்கு மாதத்துக்கு முந்திய அந்தப் பெருமை, எதற்காகப் பேசினேன் என்பது. ஒரு வசனத்தின் பின்னாலும் ஒளியவில்லை. முடித்தபோது, அழுவார்கள், அல்லது மன்னித்தோம் என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மனதுக்குள் அதற்கும் ஒரு சின்னக் கைதட்டலை ஒழுங்கு செய்து வைத்திருந்தேன் போலிருக்கிறது.

பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் எழுந்தார். "பாஸ்டர், அப்ப நான் நிறுத்தினது? நெஞ்சு மாத்திரை. அந்தக் கிழமையே நிறுத்திட்டேன். திரும்பப் போடவா?"

"வேற யாராவது நிறுத்தினீங்களா?" என்று கேட்டேன். ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஜன்னலோரம் இரண்டு. கொப்பியைக் கொண்டுவந்து வைத்தவர் ஒருவர்தான். வைக்காமலே நம்பியவர்கள் ஐந்து பேர். நான்கு மாதமாக அவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் என் முன்னால் உட்கார்ந்து பாடியிருக்கிறார்கள். நான் தலைகளை எண்ணியிருக்கிறேன், அந்தத் தலைகளுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டதில்லை.

மறுநாள் காலை ஐந்து பேரையும் கிளினிக்குக் கூட்டிப் போனோம். வேன் மேல்கணக்கு வேன்தான். அந்தப் பக்கத்திலிருந்தும் மூன்று பேர் ஏறியிருந்தார்கள். அவரும் அதே ஞாயிறு சொல்லிவிட்டாராம். இடம் போதாமல் நான் பின்னால் மாற்றுச் சில்லு டயரின் மேல் உட்கார்ந்து போனேன். பின்கண்ணாடியில் இருந்த முகத்தை அவர் சுரண்டியிருந்தார். கிட்டார் மட்டும் பாதி உரிந்து வரவில்லை.

இரண்டு குடும்பங்கள் எங்கள் சபையை விட்டுப் போய்விட்டன. மேல்கணக்குக்கும் போகவில்லை. பொய் சொன்ன பாஸ்டரைவிட, பொய் சொன்னேன் என்று சொன்ன பாஸ்டர்தான் அவர்களுக்குத் தாங்கவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். கதவைத் திறந்தார்கள், பிளேன்டீ கொடுத்தார்கள், வரமாட்டோம் என்றார்கள். எனக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம் பாட்டு ஓங்கிக் கேட்டால் இன்றைக்கும் காது அங்கே போகத்தான் செய்கிறது. போன பிறகு இழுத்துக்கொண்டு வருகிறேன்.

அக்காவைப் பார்க்க வார்டுக்குப் போனபோது அவருடைய மகள் கட்டிலருகே இருந்தாள். 'பேசுறேன்' என்றவள். அவள் பேசினாள். நான் நின்றுகொண்டே கேட்டேன். அதை எழுதப்போவதில்லை. அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. முடித்துவிட்டு, அம்மாவுக்குச் சாப்பாடு வாங்கக் கடைக்குப் போய்விட்டாள்.

அக்கா கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்திருந்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வந்தீங்களே, ஜெபம் பண்ணலையா?" என்றார்.

"பண்ணலாமாக்கா?"

"பின்ன, நீங்க கெட்டவருன்னா ஆண்டவரும் கெட்டவரா? பண்ணுங்க."

என் வலது கை வழக்கம்போல் அவர் தலைக்கு மேலே உயர்ந்தது. வாய், பெருங்குரலுக்குத் திறந்தது.

"கைய எறக்குங்க. மெதுவாப் பண்ணுங்க" என்றார் அக்கா. "பக்கத்துக் கட்டில் அம்மா இப்பத்தான் தூங்குச்சு. ராவெல்லாம் வலி பாவம்."

கையை இறக்கினேன். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். புண் ஆற வேண்டும். கொடுக்கிற மருந்து வேலை செய்ய வேண்டும். பக்கத்துக் கட்டில் அம்மா நன்றாகத் தூங்க வேண்டும். அதோடு முடித்தேன்.

"ஆமென்" என்றார் அக்கா. கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "கெளம்புங்க. ஹாலிஎல பஸ் போயிரும்."